சைக்காலஜி படிக்க மூன்று லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. சைக்காலஜிதான் படிப்பேன் என்கிறாள். வெளியூர் தனியார் கல்லூரியில் விடுதியோடு சேர்த்து வருஷம் ஒரு லட்சம், கடனும் வாங்கித் தருகிறேன், முடித்தால் மனநல டாக்டர் மாதிரி சம்பாதிக்கலாம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். என் அண்ணன் மகள் இதே படிப்பை அஞ்சல் வழியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி. எதையும் கையில் கொடுக்காதீர்கள். வங்கியில் கல்விக் கடன் பார்த்த வருஷங்களில் நான் அதிகம் கண்ட துயரமே இதுதான். வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் சான்றிதழைத் திரும்ப வாங்க முடியாமல் வீட்டுக்கும் கல்லூரிக்கும் அலைந்த பெற்றோர் எத்தனை பேர்! கல்லூரியே ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. புரோக்கருக்கு என்ன உரிமை?

இவர்கள் வருகிற நேரத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு இருக்காது, பிள்ளைக்கு அட்மிஷன் நெருங்கும். அப்போதுதான் ‘கடனும் நானே வாங்கித் தருகிறேன்’ என்று வாசலில் வந்து நிற்பார்கள். கல்விக் கடனுக்கான அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. மகளே போனில் செய்துவிடலாம்.

சரி, வருமானத்துக்கு வருவோம். மனநல டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். பி.எஸ்சி. சைக்காலஜி அந்த வழியே இல்லை. மருத்துவமனையில் நோயாளிகளுக்கு மனநலச் சோதனையும் ஆலோசனையும் தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கும் இந்த மூன்று வருஷம் போதாது. மேற்படிப்பும், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும், அதில் பதிவும் வேண்டும். எல்லாம் முடிய ஆறேழு வருஷம் ஆகிவிடும். புரோக்கர் உங்களுக்குச் சொன்னது முதல் மூன்று வருஷத்தின் விலை மட்டும்தான்.

வருஷம் ஒரு லட்சமாக மூன்று லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி சுமார் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டத் தொடங்கும்போது கடன் 3 லட்சத்து 90 ஆயிரம் ஆகியிருக்கும். ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 6,500 ரூபாய். வெறும் பட்டத்தோடு தொண்டு நிறுவனத்திலோ, கால் சென்டரிலோ, ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவிலோ சேர்ந்த பிள்ளைகள் தொடக்கத்தில் 12,000, 15,000 வாங்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். அதில் பாதி தவணைக்கே போய்விடும். மேற்படிப்புக்கு எதை எடுப்பாள்?

அதனால் அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசு கலைக் கல்லூரியிலும் உளவியல் துறை இருக்கிறது. இடம் குறைவு, போட்டி அதிகம். இருந்தாலும் விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய்க்குள்தான் ஆகும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். மூன்று வருஷத்துக்கு 36,000.

அண்ணன் மகள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் வழிகளில் புதிதாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. அவள் அதற்கு முன்பே சேர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், படித்து முடிக்கலாம். 2025 ஜனவரியில் சேர்ந்திருந்தாலும் அப்படியே. சேர்க்கை ரசீதையும் அதிலுள்ள தேதியையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் இப்போது யாராவது ‘பழைய தேதி போட்டுச் சேர்த்துவிடுகிறேன்’ என்றால் அது மோசடி. அந்தப் பட்டம் எங்கும் நிற்காது.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை என்று விதி இருக்கும்போதே வீட்டுப் பட்டாவைக் கேட்கும் கிளைகள் இன்னும் உண்டு. கேட்டால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இன்னொரு வேதனையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ல் நம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைத்த 28 நோயாளிகள் தீயில் கருகினார்கள். மனநலம் படித்தவர்கள் இந்தக் கரைக்கு எவ்வளவு தேவை என்று அதைவிட உரக்க யார் சொல்ல முடியும்? ஆனாலும் மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளரை ஒப்பந்தத்தில் தொகுப்பூதியத்துக்குத்தான் எடுக்கிறார்கள். உங்கள் மகளின் ஆசையில் குற்றமே இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவளை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். அங்கே வேலை பார்க்கும் உளவியலாளர் எத்தனை வருஷம் படித்தார், எங்கே படித்தார், இப்போது கைக்கு எவ்வளவு வருகிறது என்று அவளே நேரில் கேட்கட்டும்.