இளவேனில் முடியும் நாள்களில் செடிகளைக் கவனிப்பது எப்படி?

செடிகள் செழிப்பாக இருந்தும் பூக்கள் உதிர்கின்றன, இந்தப் பருவத்தில் எந்த உரம் இடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகச் சிறு தோட்டம் ஒன்றை வளர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உரத்தைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, முதலில் நீர் பாய்ச்சும் முறையைச் சீர்படுத்துங்கள்.

இளவேனிலின் தொடக்கத்தில் இலை விட்டுக்கொண்டிருந்த செடி, அதன் கடைசி வாரங்களில் பூவுக்கும் பிஞ்சுக்கும் மாறுகிறது. அந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜனை) மேலும் மேலும் கொடுத்தால், அது கரும்பச்சையாகத் தழைத்து நிற்குமே தவிரக் காய்ப்பதில் பின்தங்கிவிடும். பகல் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டி, இரவிலும் போதிய அளவு தணியாத நாள்களில் தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழப்பதால், எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் சில பூக்கள் உதிரத்தான் செய்யும். அதற்காக மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் தக்காளிகளின் அடிப்பகுதி கறுத்து அமுங்கிப்போனபோது, அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கேள்விப்பட்டு, இரண்டு ஆண்டுகள் அந்தச் சத்தையே மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான மண்ணில் அது போதிய அளவு இருக்கிறது என்பதும், நீரோடு சேர்ந்துதான் அது காய்க்குப் போய்ச் சேரும் என்பதும், ஒரு நாள் வெள்ளமும் நான்கு நாள் வறட்சியுமாக நான் வளர்த்ததால்தான் அது போய்ச் சேரவில்லை என்பதும் பின்னர்தான் புரிந்தன. காய்ந்த இலையும் வைக்கோலும் கொண்டு 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு இட்டு, தண்டை ஒட்டிச் சிறிது இடம் விட்டு, காலை வேளையில் வேர் ஆழம் வரை நனையும்படி நீர் விடத் தொடங்கிய பிறகு அந்தக் கறுப்பு மிகவும் குறைந்துவிட்டது. மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து அவசரப்படாமல், விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம்.

பூசணி பூத்துப் பூத்து உதிர்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே என்பதால் அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் சின்னஞ்சிறு பிஞ்சு தெரியும். அது மலரும் காலைப் பொழுதிலேயே ஓர் ஆண் பூவின் இதழ்களைக் களைந்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தடவிவிடுங்கள். நண்பகலுக்குள் பூ மூடிக்கொள்ளும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை, ஆகவே அவற்றுக்கு அந்த வேளையில்தான் போக வேண்டும்.

பூச்செடிகளில் முக்கியமான வேலை, வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளுவது. சாமந்தி, ஜினியா போன்றவை விதை முற்றத் தொடங்கியதும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதழை மட்டும் உருவாமல் விதைப்பகுதியோடு சேர்த்து எடுத்தால் மீண்டும் அரும்பு கட்டும். ரோஜாவில் ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்குச் சற்று மேலே வெட்டுவது வழக்கம். வெள்ளரிக்கும் பீன்சுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பது எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது: கொடியில் ஒரு காய் முற்றிப்போனால் அடுத்த பிஞ்சுகள் சுணங்கிவிடும். அதனால் இரண்டு நாளுக்கு ஒரு முறை, இலைகளுக்கு அடியில் மறைந்திருப்பவற்றையும் தேடி, இளசாகவே பறித்துவிடுங்கள்.

அவ்வாறு தேடும்போது தளிர்களில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி கண்ணில் பட்டால், நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி விழுந்துவிடும். அருகில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகள் இருந்தால் ஒரு வாரம் காத்திருங்கள். நான் அவற்றிடமே விட்டுவிடுகிறேன்.