வேதாளம் கேட்டால் பொந்தியானாக் என்ன சொல்வாள்?

கேள்வி: முருங்கை மரத்து வேதாளமும், வாழை மரத்துப் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேயும் காதலிப்பதாக ஒரு நகைச்சுவைச் சித்திரக்கதை வரைகிறேன். படம் அழகு என்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. அம்மாவோ, சீனர்களின் பேய் மாதமான ஏழாம் மாதத்தில் பேயைக் கேலி செய்யாதே என்று திட்டுகிறார். நிறுத்திவிடவா?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அம்மாவை முதலில் சமாதானப்படுத்துவோம். அதே ஏழாம் மாதத்தில்தான் சீனர்கள் மேடை கட்டிப் பேய்களுக்கென்றே பாட்டும் கூத்தும் நடத்துகிறார்கள். முன்வரிசை நாற்காலிகளைக்கூட அவற்றுக்காகக் காலியாக விடுகிறார்கள். பேய்க்கும் பொழுது போக வேண்டாமா?

நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களையும் பார்த்தேன். அவள் கூந்தலில் அவன் கால் சிக்குகிறது, அவன் பல்லைக் கண்டு அவள் அலறுகிறாள். மாறுவேடப் போட்டிக்கு வந்த இரண்டு பேர் காதலிப்பதுபோல் இருக்கிறது. பேய்களுக்கென்று உள்ள விதிகள் எங்கே போயின?

விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேள்வி கேட்கும். வாயைத் திறந்து பதில் சொன்னால் மரத்துக்குப் பறந்துவிடும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால், சொல்லாதவர் தலை வெடித்துவிடும். அந்த வேதாளம் பொந்தியானாக்கிடம், "என்னைக் கட்டிக்கொள்கிறாயா?" என்று கேட்கட்டும். சரி என்றால் மாப்பிள்ளை முருங்கை மரத்தில். பேசாமல் இருந்தால் மணப்பெண்ணுக்குத் தலை இல்லை. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவள் பக்கமும் சரக்கு இருக்கிறது. பிடரியில் ஆணி அடித்தால் பொந்தியானாக் அடக்கமான மனைவியாகிவிடுவாள் என்பது மலாய்க்காரர்களின் கதை. பெண் பார்க்க வரும் வேதாளத்தின் அத்தை சுத்தியலோடு வரட்டும். ஆணி வேண்டாம் என்று சொல்லும் முதல் மாப்பிள்ளையாக நம் ஆள் இருக்கட்டும். காதல் அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றும் சொல்வார்கள்: அவள் குரல் உரக்கக் கேட்டால் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள். கட்டத்துக்குக் கட்டம் அவள் பேச்சின் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும். தலைகீழாகத் தொங்குகிறவன் காதோரத்தில்.

ஒன்றை மட்டும் கேலி செய்யாதீர்கள். பிரசவத்தில் இறந்தவள்தான் பொந்தியானாக் ஆகிறாள் என்பது நம்பிக்கை. கதையில் எங்காவது ஒரு தொட்டிலைப் பார்த்து அவள் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்தில் வேதாளம் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.