மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறேன், ஆன்லைன் ஆறுதல் குழுவில் சேரலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம், எஸ்டேட் வேலை. இடது மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள், கீமோவும் முடிந்துவிட்டது. இப்போது கரண்ட் வைப்பதற்காக (ரேடியேஷன் சிகிச்சை) சேலம் அம்மாபேட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை. திரும்ப வந்துவிடுமோ என்ற நினைப்பு விடவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி கவுன்சிலர் மேடம், என்னைப் போன்ற பெண்கள் எட்டுப் பேர் வாரம் ஒருமுறை போனில் சேர்ந்து பேசும் ஆறு வாரக் குழுவில் சேரச் சொல்கிறார். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் எனக்குப் பயம் கூடாதா? ஊரில் யாருக்கும் முழு விவரம் தெரியாது, இதனால் தெரிந்துவிடுமோ என்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் "தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். நிஜமாகவே இதனால் பிரயோஜனம் உண்டா?

பதில்: சேருங்கள் அம்மா. முதல் இரண்டு வாரம் கலந்துகொண்டு பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் நின்றுகொள்ளலாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சிகிச்சையும் இதனால் எந்த வகையிலும் பாதிக்காது.

அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் பயம் கூடுமா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காமலே மனதில் வைத்துக்கொண்டு, குழுவே வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிறவர்கள் நிறைய. சில நாள் கூடத்தான் செய்யும், அதை நான் மறைக்கப்போவதில்லை. முதல் வாரம் பேசி முடித்த ராத்திரி மனசு கனமாக இருப்பது சாதாரணம். ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லும் கதையைக் கேட்பதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து பேச்சை நடத்துவார். ஒருவர் பயமுறுத்தும் விவரத்துக்குள் போனால் நிறுத்தி, "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு, அதை எப்படிச் சமாளிச்சீங்க" என்று பேச்சைத் திருப்புவார். யாராவது அழுதால் அழ விடுவார். மற்றவர்கள் உடனே புத்தி சொல்லத் தொடங்கினால் அதையும் தடுப்பார். வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் தப்பில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: குழுவில் எல்லோரும் என்னைப் போலச் சிகிச்சை முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களா? நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவி, தொடர்ந்து மருந்தில் இருக்கும் பெண்களுக்கும் குழு அவசியம்தான். ஆனால் அவர்கள் பேச வேண்டிய விஷயங்கள் வேறு. இரண்டு தரப்பையும் கலந்து வைத்தால், உங்களுக்குப் பயம் கூடும், அவர்களுக்கு மனம்விட்டுப் பேச முடியாமல் போகும். தனித்தனியாக நடத்துவதுதான் சரி என்பது என் கருத்து.

பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களுக்குக் குழு வைத்தபோது அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். உலகம் முழுக்கப் பெரிய நம்பிக்கை எழுந்தது. பிறகு 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. ஸ்பீகலே திரும்பச் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்விலும் ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை. ஆனால் அந்தக் கனடா ஆய்வில் வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. குழுவில் இருந்தவர்களுக்கு மனவேதனையும் வலியின் உணர்வும் குறைவாக இருந்தன. அதுவும் தொடக்கத்தில் அதிகம் தவித்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் கிடைத்தது. அவை மாதக்கணக்கில் நேரில் உட்கார்ந்து பேசிய குழுக்கள், வேறு நிலையில் இருந்த பெண்கள். உங்களுக்குச் சொல்லும் ஆறு வார ஆன்லைன் குழுவிடம் அதைவிட அடக்கமாகவே எதிர்பார்க்க வேண்டும்: பதற்றம் ஓரளவு தணியும், தூக்கம் கொஞ்சம் திருந்தும், தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் குறையும். புற்றுநோயை இது குணப்படுத்தாது. குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக்காரர் சொல்லும் "தைரியமா இரு" பற்றி. அவர் அன்பில்தான் சொல்கிறார், அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும் பெண்கள் பலர், இனி இவர் முன்னால் அழக்கூடாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மாமியார், பிள்ளைகள், தங்கை என்று எல்லோர் முன்னாலும் தைரியசாலியாக நடித்து நடித்து ஓய்ந்துபோகிறார்கள். இன்னும் மோசமாக, கவலைப்பட்டால் கட்டி திரும்ப வந்துவிடும் என்று யாரோ சொல்லிவைத்ததை நம்பி, கவலைப்படுவதற்கே பயப்படுகிறார்கள். அழுவதாலோ பயப்படுவதாலோ மார்பகப் புற்றுநோய் திரும்பும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நீங்கள் மனதால் செய்த எதுவும் இந்த நோயை வரவழைக்கவும் இல்லை. குழுவின் பெரிய பயன் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வாரத்தில் ஒரு மணி நேரம் தைரியமாக இருக்கத் தேவையில்லாத இடம் ஒன்று கிடைக்கிறது. மார்பை எடுத்த பிறகு கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை, வீட்டுக்காரர் பக்கத்தில் படுக்கவே கூச்சமாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்லும்போது, "எனக்கும்தான்" என்று இன்னொரு குரல் வரும். அந்த ஆறுதலை நானோ டாக்டரோ எத்தனை பேசினாலும் தர முடியாது.

திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்துக்குக் குழுவில் சில பயிற்சிகள் சொல்லித் தருவார்கள். ஒன்றை இன்றே தொடங்கலாம். மதியம் மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 15 நிமிடம் கவலைக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பயப்படுவதை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். ராத்திரி அதே நினைப்பு வந்தால், "நாளைக்கு மூணு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவையுங்கள். முதல் சில நாள் சிரமமாக இருக்கும், அப்புறம் மனம் பழகும். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் வந்து படுங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். தழும்பு இருக்கும் இடத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை தடவிப் பார்ப்பதும் பயத்தை வளர்க்கும். டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னாரோ, அந்த அளவோடு நிறுத்துங்கள். அதே சமயம் புதிய கட்டி, விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, கை வீக்கம் இவை குழுவில் பேசித் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. அவற்றுக்கு நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, ரகசியம். மலையில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. கவுன்சிலரிடம் நேராகக் கேளுங்கள்: "எங்க பக்கத்து ஆள் யாராவது இந்தக் குழுவில் இருக்காங்களா?" பெயரை அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் இருந்தால் உங்களை வேறு குழுவில் போட்டுவிடலாம். அடுத்தது வாட்ஸ்அப். பலர் கவனிக்காத இடம் இதுதான். எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து இணைப்பு அனுப்பினால், உங்கள் நம்பரும், வைத்திருந்தால் முகப்புப் படமும் மற்ற ஏழு பேருக்கும் தெரிந்துவிடும். இணைப்பை எனக்குத் தனியாக அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜூமிலோ கூகுள் மீட்டிலோ சேரும்போது திரையில் எந்தப் பெயர் வருகிறது என்று பாருங்கள். மகன் போன் என்றால் அவன் பெயர் வரும். ஜூமில் என்றால் வீட்டில் கூப்பிடும் பெயரையோ ஓர் எழுத்தையோ வைத்துக்கொள்ளலாம். முகம் காட்ட விருப்பமில்லை என்றால் நடத்துபவரிடம் முன்பே சொல்லிவிட்டு கேமராவை அணைத்துவிடுங்கள். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது, யாரும் பதிவு செய்யக்கூடாது என்ற உறுதியை முதல் நாளே எல்லோரிடமும் வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் நீங்களே கேட்கலாம்.

ஹெட்போன் கட்டாயம். அது இருந்தால் மற்றவர் பேசுவது வெளியே கேட்காது, ஆனால் நீங்கள் பேசுவது கேட்கும். அதனால் இடம் முக்கியம். தங்கை வீட்டில் இருக்கும்போதே குழு தொடங்கினால் நல்லது, ஒரு அறையைச் சாத்திக்கொள்ளலாம், சிக்னலும் இருக்கும். மலைக்குத் திரும்பிய பிறகுதான் என்றால், எந்த இடத்தில் உட்காரப் போகிறீர்களோ அங்கிருந்தே முந்தின நாள் யாருக்காவது பேசிப் பாருங்கள். வீடியோவை அணைத்து ஒலியை மட்டும் வைத்தால் டேட்டாவும் குறையும், பாதியில் அறுந்துபோவதும் குறையும். அறுந்தால் பதற வேண்டாம், திரும்ப உள்ளே போகலாம். நேரத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகல் முழுக்க வேலை, மாலையில் வீடு நிறைய ஆள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும், உங்களுக்கு வேலை இல்லாத நாள் மதியம் ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள்.

நடத்துபவர் யார் என்பதையும் விசாரியுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மனநல சமூகப் பணியாளரும் நடத்தலாம். நோயாளிகளே சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குரூப் வேறு. விக் எங்கே கிடைக்கும், காப்பீட்டுக்கு என்ன பேப்பர் வேண்டும் என்பதற்கெல்லாம் அது உதவும். ஆனால் முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கட்டி கரையும் என்ற செய்தியும் அங்கேதான் சுற்றுகிறது. எந்தக் குழுவாக இருந்தாலும், மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ பொடி விற்றாலோ அன்றே வெளியேறுங்கள்.

எல்லாத் தவிப்புக்கும் குழு போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனசு இருண்டே இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகள் மேல்கூடப் பிடிப்பு இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சேலம் ஜி.எச்.-லேயே, அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், தங்கையிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மனநல மருத்துவர் மாத்திரை எழுதும்போது, நீங்கள் தமாக்ஸிஃபென் (மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுவதாக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தமாக்ஸிஃபென் உடலில் வேலை செய்வதைக் குறைக்கக்கூடும். அவற்றுக்குப் பதிலாகத் தர வேறு மருந்துகள் உண்டு.

வீட்டுக்காரரிடம் நீளமாக விளக்க வேண்டாம். "வாரம் ஒரு மணி நேரம் நான் போன்ல பேசணும், அப்போ பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க" என்று வேலையாகக் கேளுங்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் தவிக்கும் ஆண்களுக்கு, செய்ய ஒரு காரியம் கிடைப்பது பெரிய உதவி.

குழு முடிந்த பிறகு வரும் முதல் செக்கப்தான் பலருக்குக் கடினம். கரண்ட் வைப்பது தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை, அது முடிந்ததும் திடீரென்று கவனிக்க யாருமில்லை என்பது போலத் தோன்றும், பயம் பழையபடி தலைதூக்கும். அதனால் ஆறாவது வாரம் குழு கலையும் முன்பே கவுன்சிலரிடம் கேட்டு, செக்கப்புக்கு முந்தின வாரத்தில் தனியாக ஒரு போன் பேச்சுக்கு நாள் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.