பதில்: அடுக்ககச் சுவரில் சுதந்திர ஓவியம், காந்தி, செங்கோட்டை தவிர வேறென்ன?

அடுக்ககச் சுவரில் சுதந்திர ஓவியம் வரைய ஸ்கெட்ச் போட்டு, வேறென்ன வரையலாம் என்று கேட்டிருக்கீங்க. மூவர்ணம், புறா, செங்கோட்டை வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கம் சொல்லியிருப்பது நல்லதுதான். ஆனால் காந்தியை ஒதுக்க அவசரப்படாதீங்க. வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் தண்டி யாத்திரையை ஒட்டிச் செய்த காந்தி லினோகட்டைத் (லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் அச்சுப்படம்) தேடிப் பாருங்க. கருப்புப் பின்னணி, சில வெள்ளைக் கோடுகள், கையில் தடி, எடுத்து வைத்த கால். அவ்வளவுதான்! பெயின்ட் செலவும் குறையும், சாலையிலிருந்தும் தெளிவாகத் தெரியும்.

இந்திய அரசியலமைப்பின் மூலப் பிரதியைப் படங்களால் அழகுபடுத்தியதும் போஸும் அவருடைய சாந்திநிகேதன் (தாகூர் நிறுவிய கல்விக்கூடம்) குழுவும்தான். நாட்டின் கதையை 1947-லிருந்து அவர்கள் தொடங்கவில்லை, சிந்துவெளி முத்திரைக் காளைக்கே போய்விட்டார்கள். திப்புவும் ஜான்சி ராணியும் அதில் உண்டு. எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதே ஓவியனின் தீர்ப்பு. உங்கள் ஸ்கெட்ச்சில் அந்தத் தீர்ப்புதான் இல்லை, தலைவர்களின் முகங்கள் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வரிசையாக நிற்கின்றன.

நானாக இருந்தால் வேதாரண்யம் உப்பு யாத்திரையை எடுப்பேன். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்தவர்கள். முகம் வேண்டாம், முழங்காலுக்குக் கீழே மட்டும் வரைங்க. (முகம் சரியாக வரவில்லை என்ற சண்டையும் மிச்சம்.) அதற்கு முன் ஒரு மாலை மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வாங்க. சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்தது. பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகையும் காலையும் பக்கவாட்டிலிருந்து ஸ்கெட்ச் போடுங்க, உடம்பின் பாரம் எந்தக் காலில் விழுகிறது என்று பிடிபடும்.

சுவர் கிழக்கே, கடல் பக்கம் பார்த்ததா? உப்புக்காற்று அடிக்கும், பிரைமர் போடாமல் தொடாதீங்க.