தட்டு ஏன் உடையவில்லை? ட்ராப், ஸ்கீட் பழகுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டுகள் இவை. ட்ராப்பில் தட்டு நம்மை விட்டு விலகி ஓடும், ஸ்கீட்டில் குறுக்கே போகும். இருபது வருடமாக ட்ராப் சுடுகிறேன், சில வருடங்களாகப் புதியவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, ஒரு ரவுண்டில் 25-க்கு 22 அடிக்கிறேன், அடுத்த ரவுண்டில் 15. அதே துப்பாக்கி, அதே தோட்டா. எங்கே தப்பு?

அந்த 15 அடித்த ரவுண்டில் தவறிய பத்தும் எந்த ஸ்டேஷனில் (நின்று சுடும் இடத்தில்), எந்தப் பக்கம் போனவை என்று சொல்ல முடியுமா தம்பி? முடியாது என்றால் முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஒலிம்பிக் ட்ராப்பில் 25 தட்டில் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10, நடுவில் 5. எல்லோருக்கும் இதே கணக்குதான், எது எப்போது வரும் என்பதுதான் தெரியாது. நான் இரண்டு மாதம் எழுதிப் பார்த்தபோது, தவறியதில் பெரும்பாலானவை வலப்பக்கத் தட்டுகள். அதுவரை என் கண் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் கோளாறு காலில் இருந்தது! இடுப்பு திரும்ப இடமில்லாதபடி நின்றிருக்கிறேன், பாதி வழியில் உடம்பு இறுகிக்கொள்ளும், பேரல் (துப்பாக்கிக் குழல்) நின்றுவிடும், தட்டு போய்க்கொண்டே இருக்கும். நிற்கும் கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினேன், மெல்லச் சரியானது. முக்கால்வாசித் தப்பு, தட்டை விடச் சொல்லி 'புல்' என்று கூப்பிடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஸ்கீட்டில் குறுக்கே போகும் தட்டுக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் சார்?

தோட்டாவில் உள்ள சின்னச் சின்னக் குண்டுகள் விநாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகின்றன, 20 மீட்டர் போக 0.05 விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆனால் இந்தக் கணக்கை ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். இடைவெளியை அளக்கப் பார்த்தால் கண் தட்டை விட்டுவிட்டு பேரல் நுனிக்கு வந்துவிடும், வந்த உடனே கை நிற்கும், சுட்டது பின்னால் போகும். தட்டின் முன் விளிம்பை மட்டும் பாருங்கள். அப்புறம், ட்ரிகரை இழுத்த பிறகும் பேரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுடச் சொல்கிறார்கள். சரியா அண்ணா?

முதலில் எந்தக் கண் முந்துகிறது என்று பாருங்கள் சகோதரி. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, இரு கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ, அதுதான் ஆதிக்கக் கண். துப்பாக்கியை வைக்கும் தோளின் பக்கமே அது இருந்தால் இரண்டையும் திறந்தே சுடலாம், தூரமும் வேகமும் நன்றாகப் பிடிபடும். மாறி இருந்தால், புதிதாகத் தொடங்குபவர் தோளையே மாற்றிப் பழகுவது நல்லது, பல வருடம் பழகியவர் கண்ணாடியில் ஆதிக்கக் கண் பக்கம் சின்னதாக மங்கலான டேப் ஒட்டிப் பார்க்கலாம்.

சோக் மாற்றினால் ஸ்கோர் ஏறுமா?

சோக் என்பது குண்டுகள் எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பேரல் நுனிக் குறுக்கம். கடைசியாக மாற்ற வேண்டியது அது. ட்ராப்பில் தட்டு தூரமாக ஓடுவதால் இறுக்கமான சோக், ஸ்கீட்டில் கிட்டத்தில் அடிப்பதால் திறந்த சோக், அவ்வளவுதான்.

தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் என்ன பழகலாம்?

நிறைய! துப்பாக்கி காலி என்று இரண்டு முறை திறந்து பாருங்கள், தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள், கன்ன எலும்பு துப்பாக்கியின் பின்கட்டையில் பதிய வேண்டும், அதற்காகத் தலையைக் குனிந்து தேடக் கூடாது. கண்ணைத் திறந்தால் பார்வை பேரலின் மேல்பட்டை வழியே நேராகப் போகிறதா? பேரலின் பின்முனை மறைத்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு, மேல்பட்டை முழுசும் தெரிந்தால் உயரம், கட்டையைச் சரிசெய்ய வேண்டும். பிறகு சுவரும் கூரையும் சேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டே மெதுவாகத் திரும்புங்கள், கன்னம் விலகாமல். தினம் பத்து நிமிடம் போதும். தலை தூக்குவதால் தவறும் தட்டுகள்தான் எங்கள் ரேஞ்சில் அதிகம், அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பயிற்சியில் நன்றாகப் போகிறது, போட்டியில் கை நடுங்குகிறது.

எல்லோருக்கும் நடுங்கும். பாரிஸ் 2024-இல் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் கலப்பு ஸ்கீட் வெண்கலத்தை 43-44 என்று ஒரே தட்டு வித்தியாசத்தில் இழந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடும் ட்ராப்பிலும் தகுதிச் சுற்று மட்டும் 125 தட்டு. அத்தனையையும் மொத்தமாக மனதில் சுமக்க முடியாது. தோட்டா போடு, பூட்டு, ஒரு மூச்சு, பார்வையை வை, கூப்பிடு. பயிற்சியிலும் இதே வரிசை, இதே நிதானம். தவறிய தட்டைப் பற்றி நோட்டில் எழுதும்போது யோசித்துக்கொள்ளலாம்.

காதில் பஞ்சு வைத்தால் போதாதா அண்ணா?

போதாது. நல்ல இயர்மஃப் வாங்குங்கள், கண்ணாடியும் கட்டாயம், உடைந்த தட்டுச் சில்லு காற்றில் நம் பக்கமே வரும்.