தீர்க்கதரிசனம் சொன்னாங்க, வேலைய விடலாமா?

கேள்வி: ஐயா, நான் மலேசியாவுல பத்தாங் பெர்சுந்தை பக்கம் ஒரு எஸ்டேட்ல இருக்கேன், கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் என் தலையில கை வச்சு, 3 மாசத்துல ஃபேக்டரி வேலைய விட்டுடு, 1,000 வெள்ளி (ரிங்கிட்) காணிக்கை வைனு கர்த்தர் சொல்றார்னு சொன்னார். பயமா இருக்கு.

பதில்: தங்கச்சி, அந்த பயத்தோட ராஜினாமா கடுதாசி எழுதிடாதம்மா. தீர்க்கதரிசனத்த அற்பமா எண்ணக்கூடாதுனு சொன்ன அதே பவுல், அடுத்த வரியிலேயே எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்கனும் எழுதியிருக்கார், 1 தெசலோனிக்கேயர் 5ல இருக்கு. சோதிச்சா கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்.

அப்போஸ்தலர் 21 எடுத்துப் படி. அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சைய (இடுப்புப் பட்டைய) எடுத்து தன்னோட கையையும் காலையும் கட்டிக்கிட்டு, எருசலேம்ல உன்னை இப்படித்தான் கட்டுவாங்கனு காட்டினார். போ, போகாதேனு அவர் கட்டளை போடல, முடிவு எடுத்தது பவுல்தான், கூட இருந்தவங்க அழுது தடுத்தும் கிளம்பிட்டார். உனக்கு வந்ததோ கட்டளை, கெடு, காசு மூணும் சேர்ந்தது! எலிசா தீர்க்கதரிசி, தன்னால குஷ்டம் நீங்கின நாகமான் நீட்டின காணிக்கைய தொடக்கூட இல்லம்மா, இவர் காசு கேட்டதுதான் எனக்கு பெரிய நெருடல்.

இனிக்கிற வார்த்தையையும் சோதிக்கணும். பொய்த் தீர்க்கதரிசி அனனியா 2 வருஷத்துல பாபிலோன்கிட்டயிருந்து விடுதலைனான், எரேமியா தீர்க்கதரிசி 70 வருஷம் ஆகும்னார், நடந்தது எரேமியா சொன்னதுதான்.

உன் பாஸ்டர்கிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் அவர் சொன்னத அப்படியே எழுதிக் காட்டு, சேர்ந்து ஜெபம் பண்ணுங்க, அதுவரைக்கும் வழக்கம்போல ஷிப்டுக்குப் போ. அந்த 1,000 வெள்ளி பேங்க்லயே இருக்கட்டும்.