தனியாக நன்கொடை கேட்பவர்கள்

அன்புள்ள ஐயா,

பெண் குழந்தைகளின் பள்ளிப்படிப்புக்கு உதவும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக நிதி திரட்டும் வேலையில் இருக்கிறேன். இந்த வேலைக்கு அலுவலகத்தில் நான் ஒருத்திதான். களப்பணியாளர்கள் வாராவாரம் கூடிப் பேசுகிறார்கள், கணக்கருக்குச் சந்தேகம் வந்தால் தணிக்கையாளர் இருக்கிறார், எனக்குத்தான் கேட்க ஆளில்லை. போன ஆண்டு 240 பேர் நன்கொடை கொடுத்தார்கள். அவர்களில் இந்த ஆண்டும் கொடுத்தவர்கள் 96 பேர். என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கிறேன். பயிற்சிக்கு அனுப்பச் சொன்னால், "அது குழந்தைகளுக்குப் போக வேண்டிய பணம்" என்கிறார் இயக்குநர். ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் மதிப்பார்களா? அது இல்லாமல் கற்றுக்கொள்ள வழி உண்டா? நிர்வாகக் குழுவில் ஒருவர், "திரட்டும் தொகையில் ஒரு சதவீதம் தருகிறோம், ஊக்கமாக இருக்கும்" என்கிறார். வாங்கலாமா? வீட்டில் இதை 'வசூல் வேலை' என்கிறார்கள். சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றக் கேள்விகளின் கனம் அதில்தான் இருக்கிறது. உங்கள் வேலைக்கு ஒரு தொழில் வரலாறு உண்டு. அமெரிக்காவில் நிதி திரட்டுநர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை 1960-இல் தொடங்கினார்கள். ஹேங்க் ரோசோ என்ற நிதி திரட்டுநர் இதற்கென்றே ஒரு பள்ளியை 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவினார். சிஎஃப்ஆர்இ என்ற தொழில்முறைச் சான்று 1981-இல் வந்தது. கொடையாளர்களின் உரிமைகள் பத்து என்று வகுத்து எழுதிய சாசனம் ஒன்று இருக்கிறது. தன் பணத்தை அமைப்பு எதற்குப் பயன்படுத்தப்போகிறது என்று அறிவதும், தன்னிடம் கேட்பவர் ஊழியரா, தன்னார்வலரா, அமர்த்தப்பட்ட முகவரா என்று அறிவதும் அந்தப் பத்தில் அடக்கம். பல நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து 2006-இல் பொதுவான அறநெறி அறிக்கை ஒன்றையும் ஏற்றுக்கொண்டன. கைநீட்டுவதற்கு இத்தனை விதிமுறைகள் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து அந்த 96 பேர். 240-க்கு 96 என்றால் 40 சதவீதம். அமெரிக்காவில் நீண்டகாலமாகத் தொகுக்கப்பட்டுவரும் கணக்குகளிலும் ஓராண்டின் கொடையாளர்களில் பாதிப்பேர்கூட அடுத்த ஆண்டு திரும்புவதில்லை. முதன்முறை கொடுத்தவர்களை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்தான் திரும்புகிறார். ஆகவே உங்கள் எண் ஒரு தனிமனிதக் குற்றம் அல்ல. அதற்காக அதை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம், பிரித்துப் பாருங்கள். எக்செல் தாளில் ஆறு பத்திகள் போதும்: கொடையாளர் எண், முதல் நன்கொடை தேதி, போன ஆண்டுத் தொகை, இந்த ஆண்டுத் தொகை, எந்த வழியாக வந்தார், நன்றி சொன்ன தேதி. ஒரு கணக்குக்கு, 240 பேரில் 150 பேர் முதன்முறை கொடுத்தவர்கள், அவர்களில் திரும்பியவர்கள் 30 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையவர்கள் 90 பேரில் 66 பேர் திரும்பியிருக்கிறார்கள். புதியவர்களில் 20 சதவீதம், பழையவர்களில் 73. கூட்டிப் பார்த்தால் அதே 40 சதவீதம்தான், ஆனால் நோய் எங்கே என்று இப்போது தெரிகிறது. பழையவர்களோடு உங்கள் உறவு நன்றாகவே இருக்கிறது. முதல் நன்கொடைக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் ஏதோ அறுகிறது.

எதைக் கற்க வேண்டும் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். இது கையில் இல்லாமல் பயிற்சிக்குப் போனால், அன்று அங்கே எது பாடமோ அதைக் கற்றுக்கொண்டு திரும்புவீர்கள். முதல் நன்கொடைக்குப் பின் ஆட்கள் உதிரும் ஓர் அமைப்பின் ஊழியர், பெருநிறுவனங்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதும் வகுப்பில் மூன்று நாள் உட்கார்ந்து என்ன பயன்? உங்கள் கணக்கு மேலே சொன்னபடி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ரசீது போகும் பாதை. பெரும்பாலான சிறிய அமைப்புகளில் ரசீது கணக்குப் பிரிவிலிருந்து போகும். நிதி திரட்டுபவர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பெயரில் எழுத்துப்பிழை, மூன்று வாரத் தாமதம், நன்றி என்ற சொல்லே இல்லாத ஒரு தாள். கொடுத்தவர் உங்களைப் பற்றி அறியும் முதல் செய்தி அதுதான். 48 மணி நேரத்துக்குள் ரசீது, ஒரு வாரத்துக்குள் முதன்முறை கொடுத்தவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு (அதில் பணப் பேச்சே கூடாது), இரண்டு மாதத்துக்குள் அந்தப் பணம் என்ன செய்தது என்று அரைப் பக்கச் செய்தி. இந்த மூன்றும் போனபிறகே அடுத்த வேண்டுகோள்.

இப்போது ஆளில்லாத குறைக்கு வருகிறேன். உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது இதே வேலையில் இருக்கும் ஐந்தாறு பேர். பெரிய மாநாடுகள் உற்சாகம் தரும், நல்லதுதான். ஆனால் உங்கள் கடிதத்தை வரிவரியாகப் படித்து "இந்த இடத்தில் எனக்கு அலுத்துவிட்டது" என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அப்படிச் சொல்லும் ஆட்கள்தான் இந்தத் தொழிலைக் கற்றுத்தருகிறார்கள்.

ஆட்களைத் தேட ஒரு வழி. உங்களுக்கு வரும் நன்கொடை வேண்டுகோள்களில் நன்றாக எழுதப்பட்ட ஒன்றை எடுத்து, அதை எழுதியவருக்கு அதில் எந்த வரி பிடித்தது என்று குறிப்பிட்டு நாலு வரி எழுதுங்கள். பொதுவாகப் பாராட்டினால் பதில் வராது, வரியைச் சுட்டினால் வரும். ஐந்திலிருந்து ஏழு பேர் போதும். பத்துப் பேரானால் நால்வர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் முதியோர் இல்லம், ஒருவர் விலங்கு நலம், ஒருவர் மருத்துவ உதவி என்று வேறுவேறு துறைகளாக இருப்பது நல்லது. ஒரே கொடையாளரை இருவர் நாடும் சங்கடம் குறையும்.

மாதம் ஒருமுறை, மாறாத ஒரு நாளில், 90 நிமிடம் கூடுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் தன் வேலையில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும்: ஒரு கடிதம், ஒரு நன்றிக் குறிப்பு, அல்லது மேலே சொன்ன தாள். கடிதம் என்றால் முன்கூட்டி அனுப்பாதீர்கள். கூட்டத்தில் கொடுத்து, பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாகக் கொடையாளர்போலப் படிக்கட்டும், தங்களை அறியாமல் கண் தாவிய இடத்தில் பென்சிலால் கோடு போடட்டும். கோடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும். அடுத்த இருபது நிமிடம் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். "அது இயக்குநர் சேர்க்கச் சொன்னது" என்று அவர் விளக்கத் தொடங்கினால் மற்றவர்கள் இரக்கப்பட்டுக் குறை சொல்வதை நிறுத்திவிடுவார்கள். கடைசியில் அவர் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடம், மாற்றியதால் என்ன ஆயிற்று என்ற செய்திக்கு.

நம் மொழிக்கென்று ஒரு வியாதி உண்டு, அதை அங்கே கட்டாயம் பாருங்கள். "ஏழை மாணவியரின் கல்விக்கு உதவிகள் வழங்கப்பட்டு வருகின்றன, தாங்கள் இயன்ற நிதியுதவி அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இலக்கணம் சரி. ஆனால் வழங்கியவர் யார், எத்தனை மாணவிகள், எவ்வளவு தேவை, எப்போதுக்குள், எதுவும் இதில் இல்லை. 'வழங்கப்பட்டு வருகின்றன' என்று எழுதியவுடன் கொடையாளர் அந்த வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகிறார். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒன்பதாம் வகுப்பில் 14 மாணவிகள் பள்ளிக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். ஒரு மாணவியின் ஓராண்டுப் பயணச் செலவை நீங்கள் ஏற்றால், ஜூன் மாதம் அவள் படிப்பு நிற்காது." அதற்கடுத்து தொகையை எண்ணில் எழுதுங்கள்.

நேரில் கேட்பதிலும் இதே சிக்கல்தான். தொகையைச் சொன்ன மறுகணம் நம்மில் பெரும்பாலோர் பதற்றத்தில், "இல்லன்னாலும் பரவாயில்ல, உங்களால முடிஞ்சதக் குடுங்க" என்று நாமே விலையைக் குறைத்துவிடுகிறோம். எதிரே இருப்பவர் மறுக்கவே இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார். அந்த யோசனையை நாம்தான் கலைத்தோம். இதைப் படித்துத் திருத்திக்கொள்ள முடியாது, பழகித்தான் ஆக வேண்டும். குழுவில் ஒருவர் கேட்கட்டும், ஒருவர் கொடையாளராக உட்காரட்டும், மூன்றாமவர் கடிகாரம் பார்க்கட்டும். தொகை சொன்னபின் எத்தனை விநாடி சும்மா இருந்தீர்கள் என்பது மட்டும்தான் அளவு. முதல்தடவை இரண்டு விநாடி தாண்டாது. பத்து விநாடி இருக்கப் பழகியவர் நிஜமான சந்திப்பில் தடுமாற மாட்டார்.

மறுப்புகளையும் குழுவுக்குக் கொண்டுபோங்கள். 'இல்லை' எல்லாம் ஒன்றல்ல. இப்போது இல்லை, இந்தத் தொகை இல்லை, இந்தத் திட்டத்துக்கு இல்லை, இந்த அமைப்புக்கு இல்லை என்று நான்கு வகை. எது என்று தெரிய, அவர் சொன்ன சொற்களை அன்றைக்கே அப்படியே எழுதிவைத்திருக்க வேண்டும். மறுநாள் நினைவில் இருப்பது மறுப்பின் வலி மட்டும்தான். நாலு பேரிடம் வாசித்துக் காட்டினால், "இது மார்ச் மாதத்துக்குப் பிறகு வா என்கிற பேச்சு" என்று ஒருவராவது கண்டுபிடிப்பார்.

ஓர் எல்லைக்கோடு. கொடையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அவர் வீட்டு விஷயம் எதுவும் குழுவுக்குள் வரக் கூடாது. கொண்டுவரும் தாளில் பெயர்களை அழித்துவிட்டுத்தான் தர வேண்டும். கொடையாளர் பட்டியல் அமைப்புக்குச் சொந்தம். வேலை மாறும்போதும் அது உங்களோடு வராது. முதல் கூட்டத்திலேயே இதை எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள், உங்கள் இயக்குநரிடமும் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள். தெரியாமல் சந்திப்பது பின்னால் சந்தேகமாகத் திரும்பும்.

இத்தகைய குழுக்கள் ஓய்ந்துபோவதற்குக் காரணங்கள் பழகிப்போனவை. அனுபவசாலி ஒருவர் மெல்லப் பேராசிரியராகிவிடுவார், அல்லது கூட்டம் மேலதிகாரிகளைப் பற்றிய புலம்பலாகிவிடும். இரண்டுக்கும் மருந்து, நடத்துபவரை மாதாமாதம் மாற்றுவதும், மேசையில் ஒரு தாள் இல்லாமல் கூட்டம் தொடங்குவதில்லை என்பதும்தான். புலம்பல் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. முடிந்தபின் தேநீரோடு வைத்துக்கொள்ளலாம்.

சான்றிதழ். சிஎஃப்ஆர்இ தேர்வு எழுதவே கடந்த ஐந்தாண்டுகளுக்குள் 36 மாத முழுநேரத் தொழில் அனுபவம் வேண்டும். உங்களுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதன் பாடப்பரப்பு ஆறு பகுதிகள்: கொடையாளர்களைக் கண்டறிதல், நன்கொடையைப் பெறுதல், உறவை வளர்த்தல், தன்னார்வலர் பங்கேற்பு, தலைமையும் நிர்வாகமும், அறமும் பொறுப்புடைமையும். இப்போதே அதைப் படிப்புத் திட்டமாக வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு பகுதி என்று குழுவில் எடுத்துக்கொள்ளுங்கள். சான்று பெற்றபின்னும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆகவே செலவை அமைப்பு ஏற்கும்போது செய்வதே சரி. அது உங்களை வேறோர் அமைப்பில் அறிமுகப்படுத்தும். உங்கள் இயக்குநரின் மனத்தை மாற்றாது. இலவசமாகப் படிக்க, கென் பர்னெட் என்ற பிரிட்டிஷ் நிதி திரட்டுநர் தொடங்கிய சோஃபி என்ற இணையக் காப்பகத்தில் உலகெங்கும் நடந்த நன்கொடை இயக்கங்களின் அசல் கடிதங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு கடிதத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். வாக்கியங்கள் எவ்வளவு குட்டை என்பது விரலுக்குத் தெரியும்.

இயக்குநரிடம் 'பயிற்சி' என்று கேட்காதீர்கள், அந்தச் சொல் அவர் காதில் விடுமுறை என்று விழுகிறது. அந்த எக்செல் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். "புதியவர்கள் 150 பேரில் 30-க்குப் பதில் 45 பேர் திரும்பினால் எவ்வளவு வரும்" என்று உங்கள் சராசரி நன்கொடையால் பெருக்கிக் காட்டுங்கள். அதற்காக மாதம் மூன்று மணி நேரமும், ஆண்டுக்கு ஒரே ஒரு வகுப்பும், பட்ஜெட்டில் தனி வரியாகக் கேளுங்கள். வகுப்புக்குக் கணக்கரையும் கூட அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது, ரசீது அவர் கையில்தானே இருக்கிறது. திரும்பி வந்து 90 நாளில் என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இயக்குநரும் ஒன்றை அறிய வேண்டும். 2013-இல் காம்பஸ்பாயிண்ட் என்ற அமைப்பு அமெரிக்காவில் இயக்குநர்களும் நிதி திரட்டும் பொறுப்பாளர்களுமாக 2,700-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டதில், அந்தப் பொறுப்பாளர்களில் பாதிப்பேர் இரண்டாண்டுக்குள் வேலையை விட்டுப் போகப்போவதாகச் சொன்னார்கள். நிதி திரட்டுவது முழு அமைப்பின் வேலை என்ற எண்ணம் இல்லாமல் ஒருவர் தலையில் ஏற்றப்படுவதை அந்த ஆய்வு விரிவாகப் பேசியது. நீங்கள் போய்விட்டால் பழைய கொடையாளர்களோடு இருக்கும் பழக்கமும் போய்விடும்.

சதவீதம் வாங்காதீர்கள். 1960-இல் தொடங்கியதாக நான் மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் அறநெறி விதிகள் அதை வெளிப்படையாகத் தடுக்கின்றன. காரணம் எளிது. தன் பணத்தில் ஒரு பங்கு உங்கள் பைக்குப் போகிறது என்று அறிந்த கொடையாளர் அடுத்தமுறை உங்களை வேறு கண்ணால் பார்ப்பார். கமிஷன் இருந்தால் இந்த மாதம் வரும் சிறு தொகைக்காக, அடுத்த ஆண்டு வரக்கூடிய பெரிய தொகையை அவசரப்படுத்துவீர்கள். மேலும் ஒரு நன்கொடை பலர் உழைப்பில் வருவது. பள்ளியைச் சுற்றிக் காட்டிய களப்பணியாளருக்குப் பங்கு இல்லையா? அந்த நிர்வாகக் குழு உறுப்பினரிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லி, சம்பள உயர்வைக் கேளுங்கள். எல்லா ஊழியர்களுக்கும் உள்ள விதிப்படி, திரட்டிய தொகையின் விகிதமாக இல்லாத ஊக்கத்தொகை தரலாம். முதன்முறை கொடுத்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் அழைப்பு போனதா என்பதுபோன்ற வேலை அளவுகளை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் அந்த ஆறு பத்திகளை நிரப்புங்கள். நன்றி சொன்ன தேதிப் பத்தியில் எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.